கோடு போடுறது யாரு? பழைய கார் கிளப்புகளின் தீராத சண்டை

இன்னைக்கு கதை எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ஆரம்பிக்குது.

அங்க ஒரு மாருதி 800 நிக்குது. 1986 மாடல், கீழ் வீட்டு அங்கிளோடது. ஞாயித்துக்கிழமை காலைல கவரை எடுத்து, துடைச்சு, பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பார். ஒருநாள் நான் சும்மா, "செம விண்டேஜ் வண்டி அங்கிள்"னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "அத நீயும் நானும் சொன்னா பத்தாது தம்பி"ன்னார்.

அப்போ யார் சொன்னா பத்தும்? இந்தக் கேள்விக்காக உலகம் முழுக்க கார் பிரியர்கள் நூறு வருஷமா அவங்க சொந்தக் கிளப்போடயே மல்லுக்கட்டிட்டு இருக்காங்க.

1904, டிசம்பர் 31

முதல்ல இங்கிலாந்து. 1896 நவம்பர் 14. கார்களுக்கான வேக வரம்பை மணிக்கு 14 மைலா உயர்த்தின சட்டம் அன்னைக்கு அமலுக்கு வருது. நம்ம கணக்குல சுமார் 22 கிலோமீட்டர். இதைக் கொண்டாட லண்டன்ல இருந்து பிரைட்டனுக்கு ஒரு கூட்டம் வண்டி ஓட்டிட்டுப் போச்சு. 1927-ல அந்தப் பயணத்தை பழைய கார்களை வெச்சு திரும்ப நடத்தினாங்க. இன்னிக்கும் நவம்பர் மாசம் நடக்குது. இன்னிக்கு இருக்கிற விதி ரொம்ப எளிமையானது: வண்டி 1905-க்கு முன்னாடி தயாரானதா இருக்கணும்.

எளிமையா? ஒரு கார் எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அந்தக் காலத்துல சின்னச் சின்னக் கம்பெனிகள் நிறைய. எஞ்சினை ஒருத்தர்கிட்ட வாங்கி, பாடியை இன்னொருத்தர்கிட்ட செஞ்சு பூட்டுவாங்க. பாதிக் கம்பெனிகள் மூடியாச்சு, பதிவேடும் போயாச்சு.

1930-ல அந்தப் பயணம் முடிஞ்ச கையோட, பிரைட்டன்ல இருக்கிற ஓல்ட் ஷிப் ஹோட்டல்ல வெட்டரன் கார் கிளப் பிறக்குது. வண்டிகளோட வயசை ஆதாரத்தோட முடிவு பண்றது அதோட முக்கியமான வேலைகள்ல ஒண்ணு. அதுக்குன்னே ஒரு கமிட்டி. எஞ்சின், சேசிஸ், பழைய கேட்டலாக் எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து சான்றிதழ் தருவாங்க.

இப்போ வண்டிக்காரர் பக்கம் யோசிங்க. தாத்தா காலத்துல இருந்து "நம்ம வண்டி 1904"னு நம்பிட்டு இருக்கீங்க. கமிட்டி ஆராய்ஞ்சு "1905"னு சொல்லுது. வண்டில ஒரு ஸ்க்ரூ கூட மாறல. ஆனா பிரைட்டன் பயணம் போச்சு, விலையும் இறங்கும்.

கமிட்டி பக்கமும் நியாயம் இருக்கு. ஒரே ஒரு 1905 வண்டியை பாவம் பார்த்து விட்டா, அடுத்த 1905 வண்டிக்காரருக்கு என்ன பதில் சொல்றது?

அஞ்சு வருஷம் ஆன வண்டி

1934-ல அதே இங்கிலாந்துல இன்னொரு கிளப் வருது, விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப். ஆரம்பிச்சவங்க இளைஞர்கள். பெரிய பணக்காரங்க இல்லாதவங்களுக்கான கிளப்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. பொருளாதார மந்தத்துல 1920-கள்ல வந்த நல்ல ஸ்போர்ட்ஸ் கார்கள் செகண்ட் ஹேண்ட்ல மலிவாக் கிடைச்சுது. அதுல ரேஸ் ஓட்டணும், அவ்ளோதான் ஆசை.

அவங்களோட ஆரம்ப விதி என்ன தெரியுமா? வண்டிக்கு குறைஞ்சது அஞ்சு வயசு ஆகியிருக்கணும். நம்ம கோடிங் பாஷைல சொன்னா, இது ஒரு வேரியபிள். வருஷம் நகர நகர கோடும் நகரும்.

ஆனா சீக்கிரமே அதை 1930-ஓட நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் வந்த வண்டிகள் செலவைக் குறைச்சு, மொத்தமா தயாரிச்சதுங்கிறது அவங்க வருத்தம். பழைய பென்ட்லி கம்பெனியே 1931-ல திவாலாகி ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போச்சு. அதனால வேரியபிளை எடுத்துட்டு 1930-னு ஹார்ட்கோட் பண்ணிட்டாங்க.

ஹார்ட்கோட் பண்ணா என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். பேட்ச் போடணும்! 1930-க்கு அப்புறமும் அருமையான கார்கள் வந்துச்சே? அதனால பின்னாடி "போஸ்ட்-விண்டேஜ் தரோபிரெட்"னு ஒரு பிரிவு வந்துச்சு. விண்டேஜுக்குப் பிந்தின, ஆனா நல்ல ஜாதி வண்டிகள்னு வெச்சுக்கலாம். எது நல்ல ஜாதி? அதை கிளப்தான் பொறுக்கி எடுக்கும். தேதியை வெச்சு சண்டை போட்டவங்க, இப்போ ரசனையை வெச்சு சண்டை போட ஆரம்பிச்சாங்க.

பட்டியலும், நகரும் கோடும்

ரசனையையே விதியாக்கினா? அமெரிக்கால 1952-ல ஆரம்பிச்ச கிளாசிக் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா அதைத்தான் செஞ்சுது. அங்க வருஷம் மட்டும் பத்தாது, கிளப்போட பட்டியல்ல பேர் இருக்கணும். முதல்ல 1925-ல இருந்து 1942 வரை வந்த உயர்தரக் கார்கள். பிறகு 1948 வரைக்கும் நீட்டினாங்க, இன்னும் பிறகு பின்பக்கம் 1915 வரைக்கும். உறுப்பினர்கள் ஆதாரத்தோட விண்ணப்பிச்சா கிளப் பரிசீலிக்கும்.

இதுல எனக்கு மனசு கஷ்டமான கேஸ், பேக்கார்ட் 120. பேக்கார்ட் ஒரு காலத்துல அமெரிக்கப் பணக்காரங்களோட கார். மந்தத்துல கம்பெனி தள்ளாடினப்போ, 1935-ல நடுத்தர வர்க்கத்துக்காக சுமார் 1,000 டாலர்ல 120-ஐ விட்டாங்க. வித்துத் தள்ளுச்சு, கம்பெனி பிழைச்சுது. ஆனா பெரிய பேக்கார்டுகள் பட்டியல்ல இருக்கு, அதைக் காப்பாத்தின சாதாரண 120-க்கு இடமில்ல. நிறையப் பேர் வாங்க முடிஞ்சதே அதுக்குக் குறையாப் போச்சு.

இதுக்கு நேர் எதிர், 1935-ல ஆரம்பிச்ச ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா. அவங்க இன்னைய விதி: 25 வயசு ஆச்சா, உள்ள வா. சண்டையே இல்லைன்னு நினைப்பீங்க. ஆனா அந்தக் கணக்குல 2000-ல வந்த டொயோட்டா கேம்ரியும் இன்னைக்கு 'ஆன்டிக்'. 1910 மாடலை உயிரைக் கொடுத்துக் காப்பாத்தின பெரியவர், பக்கத்துல கேம்ரி வந்து நிக்கிறதைப் பார்த்தா என்ன நினைப்பார்?

கோட்டை நிறுத்தி வெச்சா அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்கும், கூட்டத்துக்கு வயசாகும். பணக்காரர் இல்லாதவங்களுக்காகக் காப்பாத்தின 1920-கள் பென்ட்லி இன்னைக்கு என்னை மாதிரி சம்பளக்காரனுக்குக் கனவுல கூட எட்டாது. கோட்டை நகர்த்தினா இளசுங்க வருவாங்க, வார்த்தை நீர்த்துப் போகும்.

நான் ரொம்ப நாள் இதை கமிட்டிக்காரங்க பிடிவாதம்னுதான் நினைச்சேன். இப்போ அப்படித் தோணல. உறுப்பினர் நேசிக்கிறது தன் வண்டியை. கிளப் காக்கிறது ஒரு வார்த்தையை. அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்குன்னுதான் அவரே கிளப்புக்கு வந்தார். பலரை வெளிய நிறுத்தினதாலதான் அந்த மதிப்பே வந்துச்சு. தன் முறை வரும்போதுதான் அது உறைக்குது. அதனால எங்க கோடு போட்டாலும் யாராவது வெளிய நிப்பாங்க. ஏன் நிக்கிறோம்னு அவங்களுக்கு வெளிப்படையா காரணம் சொல்றதும், புது ஆதாரம் வந்தா திரும்பப் பார்க்கிறதும்தான் கிளப் செய்யக்கூடிய நியாயம்.

திரும்ப பார்க்கிங்குக்கு

நம்ம ஊர்ல இப்போ அரசாங்கமே கோடு போட்டாச்சு. 2021 ஜூலைல மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டுச்சு. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின, அசல் வடிவம் மாறாத டூ-வீலரும் காரும் விண்டேஜ். நம்பர்ல 'விஏ'ங்கிற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். கண்காட்சி, பேரணி மாதிரி வேலைகளுக்கு எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது.

இது நகரும் கோடு. மாருதி 800 வந்தது 1983 டிசம்பர்ல. அப்போ 2033 டிசம்பர் தாண்டினா முதல் 800-கள் விண்டேஜ் ஆகத் தகுதி பெறும். ஒரு காலத்துல தெருவுக்குத் தெரு நின்ன வண்டி! அன்னைக்கு நம்ம ஊர் விண்டேஜ் பேரணில 1930-கள் ரோல்ஸ்-ராய்ஸ் பக்கத்துல ஒரு 800-ஐ நிறுத்த விடுவாங்களா? சண்டை வரும்னு அடிச்சுச் சொல்றேன்.

இந்தக் கணக்கை அங்கிள்கிட்ட சொன்னேன். அவர் வண்டிக்கு 2036. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ எனக்கு 81"னார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சாவியை என்கிட்ட நீட்டி, "ஓட்டத் தெரியுமில்ல? சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணு பாப்போம்"னார்.

மூணாவது தடவைல ஸ்டார்ட் ஆச்சு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!