மழவர் மகளார்

சோழ மன்னர்தம் வெற்றிகளைக் கல்வெட்டுக்கள் விரித்துரைக்கும். அவர்தம் தேவியரைப் பற்றியோ பெரும்பாலும் ஓரிரு குறிப்புக்களே கிடைக்கும். இதற்கு விலக்காக, கி.பி. 941 முதல் 1001 வரை அறுபதாண்டுக் காலம் கல்வெட்டுக்களில் இடம்பெற்றுத் திகழ்பவர் செம்பியன் மாதேவியார்.

செம்பியன் மாதேவி என்பது சோழர்தம் பெருந்தேவி எனப் பொருள்படும் பட்டப்பெயரேயாம். மழவரையர் மகளார், கண்டராதித்தர் தேவியார், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்தவர் என்றே கல்வெட்டுக்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. தந்தை, கணவர், மகன் ஆகிய மூவர் வழியாக அறியப்படும் அவ்வம்மையார் ஆற்றிய பணிகளோ அவருக்கே உரியன.

காவிரியின் வடபால் அமைந்தது மழநாடு. சங்கச் செய்யுட்களிலேயே பேசப்படும் மழவர் வழிவந்த தலைவர் ஒருவரின் திருமகளார், முதற் பராந்தகனின் இரண்டாம் புதல்வரான கண்டராதித்தரை மணந்தார். கி.பி. 949இல் தக்கோலப் போரில் மூத்தவன் இராசாதித்தன் வீழ்ந்தமையால், அரசுரிமை கண்டராதித்தரைச் சார்ந்தது. தில்லைக் கூத்தன்மீது திருவிசைப்பா பாடிய சிவநேயச் செல்வர் அவர். ஏறத்தாழ கி.பி. 957இல் அவர் மறைந்தபோது மகன் சிறு குழந்தை. ஆதலின், முடி அவர் தம்பி அரிஞ்சயனுக்கும், பின்னர் அவன் மகன் சுந்தர சோழனுக்கும் சென்றது. ஏறத்தாழ கி.பி. 970இல்தான் உத்தம சோழன் அரசு கட்டிலேறினான்.

இவ்வரசியல் மாற்றங்களுக்கிடையே அம்மையார் மேற்கொண்டது திருப்பணியே. செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருநல்லம், திருத்துருத்தி, தென்குரங்காடுதுறை, திருமணஞ்சேரி, ஆனாங்கூர் ஆகியன அவற்றுட் சில. இக்காலத்தில் கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் இறைவனை வழிபடும் கோலத்தையும் அங்கே சிற்பமாக அமைத்தார்.

எனினும், திருக்கோடிகாவில் நிகழ்ந்ததே வரலாற்று மாணவர் சிறப்பாக அறியத்தக்கது. அங்கே பழைய கோயிலைப் புதுக்கியபோது, முன்னோர் அளித்த அறக்கொடைகளைக் கூறும் கற்கள் சிதறுண்டு போகும் நிலை ஏற்பட்டது. கல் அழியின் கொடைக்குச் சான்று அழியும். சான்று அழியின் விளக்கும் அணையும், நிலமும் கைமாறும். எனவே, அக்கற்களிலிருந்த வாசகங்கள் படியெடுக்கப்பெற்றுப் புதுச் சுவரில் பொறிக்கப்பட்டன. அவை பழங்கற்படி என்று குறிக்கவும்பட்டன. பல்லவர் காலத்து ஆவணங்களும் அவற்றுள் அடங்கும். தம் குலத்தார் அல்லாதார் செய்த அறத்தையும் தம் பெயரால் மறைக்காது காத்த நேர்மையை என்னென்பது!

கி.பி. 985இல் அரசு இராசராசனை அடைந்தது. உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் அவன்கீழ்க் கோயில்களை மேற்பார்க்கும் அதிகாரியாய்ப் பணியாற்றினான். மகன் வழியில் முடி நிலைக்கவில்லை. பாட்டியாரின் பணியே பேரனிடம் தொடர்ந்தது. நாகப்பட்டினத்தை அடுத்து அம்மையார் பெயரால் விளங்கும் ஊரில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கொண்டாட மருமகளிர் நிவந்தம் வைத்தனர். கி.பி. 1019இல் இராசேந்திரன் அவ்வூர்க் கோயிலில் அவருக்குப் படிமமும் எடுப்பித்தான்.

பழையதைப் புதுக்குவோர் பலர். புதுக்கும்போது பழையவர் பெயரையும் காப்போர் சிலரே. மாணவர்க்குச் சோழர் வரலாறு கற்பிக்குங்கால், தக்கோலப் போரோடு திருக்கோடிகாச் சுவரையும் நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.