ஐந்து காசு தண்டம்

பழைய தோட்டத்துச் சங்கமாயினும், ஈப்போ நகரத்துக் கழகமாயினும், கூட்டம் என்று கூடினால் ஒருவரே பத்து முறை எழுந்து பேசுவதும், மற்றையோர் வாய்மூடி வீடு திரும்புவதும் நாம் அறிந்த காட்சியே. இந்நோய்க்குப் பண்டைத் தமிழர் கண்ட மருந்து யாது?

திருநெல்வேலியை அடுத்த மானூரில், ஏறத்தாழ கி.பி. 800-இல், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் வெட்டப்பெற்ற கல்வெட்டொன்று அதனைக் கூறுகின்றது. மகாசபையில் வரும் காரியம் ஒவ்வொன்றையும் அல்லவென்று மறுத்து முட்டுக்கட்டை இடுவோரும், அவர்க்குத் துணைநிற்போரும், காரியம் ஒன்றுக்கு ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும்.

விதி கூரியதே. ஆனால் அச்சபையில் அமரும் உரிமை நிலப்பங்கும் வேதக்கல்வியும் உடையோர்க்கே இருந்தது. உழுதவனுக்கு அங்கே ஒரு முறையேனும் பேச இடமில்லை. அன்றியும், மறுப்புரையைத் தண்டித்தல் வேறு. பேசும் முறையை அளந்து பங்கிடுதல் வேறு. ஆங்கிலப் பாராளுமன்ற மரபு பின்னதைக் கொண்டது: ஒரு பிரேரணைமேல் ஓர் அங்கத்தினர் ஒரு முறையே பேசலாம்; கொண்டுவந்தவர்க்கு மட்டும் முடிவில் விடைகூறும் உரிமையுண்டு. கருத்து எதுவாயினும் அளவு ஒன்றே.

சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளரைக் கொண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். பங்கு எத்துணையாயினும் ஆளுக்கு ஒரே வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. வாக்குக்குள்ள சமன்மை நாவுக்கும் வேண்டாவோ?

ஆதலின் தோழர்களே, ஒருவர்க்கு ஒரு முறை என்று நும் சங்க விதியில் எழுதுங்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்க்கும் இளைஞர்க்கும் முறை வந்த பின்னரன்றி, எவர்க்கும் இரண்டாம் முறை இல்லை என்றும் சேர்த்தெழுதுங்கள்.