தனிநபர் கார்பன் தடம்

ஒருவரின் வாழ்க்கைமுறையால் நேரடியாகவும் மறைமுகமாகவும் வெளியேறும் பசுமை இல்ல வாயுக்களின் மொத்த அளவே அவரது கார்பன் தடம். பொதுவாக ஓராண்டுக்குக் கணக்கிடுவார்கள். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்றவற்றையும் அவற்றின் வெப்பமூட்டும் திறனுக்கேற்பக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிக் கிலோவிலோ டன்னிலோ குறிப்பது வழக்கம்.

பயன்படுத்திய எரிபொருள் அல்லது மின்சாரத்தின் அளவை உமிழ்வுக் காரணியால், அதாவது ஓர் அலகுக்கு வெளியேறும் வாயுவின் அளவால், பெருக்கினால் விடை கிடைத்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான். எரியும்போது அதிலுள்ள கார்பன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது. 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் தீரும்போது சுமார் 42 கிலோ. மின்சாரத்துக்கான காரணியை மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது. நிலக்கரியையே பெரிதும் நம்பியிருப்பதால் இந்தியாவில் அது யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல்.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் நான்கு பேர் கொண்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தால் மட்டும் தலைக்கு ஆண்டுக்கு 420 கிலோ சேரும். அதே வீட்டில் ஆண்டுக்கு 8 சிலிண்டர் தீர்ந்தாலும் தலைக்கு 84 கிலோதான். கண்ணெதிரே எரியும் அடுப்பைவிட, எங்கோ அனல்மின் நிலையத்தில் நமக்காக எரியும் நிலக்கரியே பெரிய பங்கு. குறைக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஏ.சி.யையும் வாட்டர் ஹீட்டரையும்தான்.

இந்தியரின் சராசரி கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன்; அமெரிக்கரின் சராசரி இதைப்போல் ஏழு மடங்கு. நாட்டின் மொத்த உமிழ்வை மக்கள்தொகையால் வகுத்து வரும் இத்தொகையில் இரும்பாலை, சிமெண்ட் ஆலைகளின் புகையும் அடங்கும். எனவே வீட்டுக் கணக்கோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. தனிநபர் கணக்கீட்டை மக்களிடையே பரப்பியதில் பிபி எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2004-இல் அது ஒரு கணிப்பானை வெளியிட்டது. எண்ணெய் எடுப்பவரின் பொறுப்பை எரிப்பவர் தலையில் சுமத்தும் முயற்சி என்று அதை விமர்சிப்பவர்கள் சொல்வது நியாயமே. ஆனால் அதனால் அளவீடு பயனற்றதாகிவிடாது.

உணவைக் கணக்கிடுவதுதான் கடினம். அரிசியையே பார்ப்போம். நீர் தேங்கிய நெல் வயலில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பமூட்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் இது வெகுவாகக் குறைகிறது. ஆனால் கடையில் வாங்கும் அரிசி எந்த முறையில் விளைந்தது என்று மூட்டையில் அச்சிடுவதில்லை. அதனால் கணிப்பான்கள் எல்லா அரிசிக்கும் ஒரே சராசரியைப் போடுகின்றன.