ஏ.டி.எல்.எஸ். பயிற்சி
விபத்தில் படுகாயமுற்றவரை முதல் நிமிடங்களில் கையாள மருத்துவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சி. 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறுவிமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகளுக்குப் பலத்த காயம். அன்று கிடைத்த சிகிச்சையின் போதாமையே இப்பயிற்சிக்கு வித்திட்டது. 1978இல் ஆபர்ன் நகரில் முதல் வகுப்பு நடந்தது.

மூச்சுவழி, சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு நிலை, ஆடை களைந்து முழுஉடல் சோதனை என்பது இப்பயிற்சியின் அடிப்படை வரிசை. நோய் இன்னதென்று முடிவாகும்வரை காத்திராமல், உயிரை விரைவாகப் பறிக்கக்கூடியதை முதலில் சரிசெய்ய வேண்டும். “உங்க பேர் என்ன?” என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் மூச்சுவழி இப்போதைக்குத் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அவசரப் பிரிவில் புதிதாகச் சேருபவர் தடித்த பாடநூல்களுக்கு முன்பே இவ்வரிசையைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. இப்பயிற்சிக் கையேட்டின் 2018ஆம் ஆண்டுப் பத்தாம் பதிப்பு, பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் ஏற்றும் சலைனை 1 லிட்டராகக் குறைத்தது.