இயங்குதள மாற்றமும் இணையப்பக்க உருவாக்கக் கருவித் தேர்வும்: தமிழ் இணைய வரலாற்றின் ஒரு கூறு (1995–2010)

முன்னுரை

தமிழ் இணையத்தின் தொடக்க காலத்தை ஆராய்வோர் எதிர்கொள்ளும் சிக்கல் பழைய பக்கங்கள் கிடைக்காமை மட்டுமன்று. கிடைத்தவற்றைப் படிக்க இயலாமையும் ஆகும். 1990களின் பிற்பகுதியில் உருவான தமிழ்ப் பக்கமொன்றை இன்றைய உலாவியில் திறந்தால், பெரும்பாலும் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளே தோன்றுகின்றன. எழுத்துருக்களின் பெருக்கமே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அது உண்மையே எனினும் முழுமையானதன்று. இயங்குதளம் மாறியபோது பக்க உருவாக்க மென்பொருள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும் பனுவல்களின் நிலைபேற்றைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மேல் 128 இடங்கள்

1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி மேற்கொண்ட முயற்சி இணையத்தில் தமிழ் எழுத்து இடம்பெற்றமைக்கு முன்னோடியாகும். அக்கால எழுத்துருக்கள் 256 இடங்களைக் கொண்ட 8 பிட் முறையைச் சார்ந்தவை. திஸ்கி போன்ற இருமொழிக் குறியேற்றங்களில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கும் மேல் 128 இடங்கள் தமிழுக்கும் உரியன.

அம்மேல் இடங்களை விண்டோஸ், மக்கின்டாஷ், யுனிக்ஸ் ஆகியன தத்தம் ஐரோப்பிய எழுத்து அட்டவணைகளின்படி வெவ்வேறாகப் பொருள்கொண்டன. ஓர் இயங்குதளத்தில் உருவான கோப்பை மற்றொன்றில் திறக்கும் மென்பொருள், ஐரோப்பிய எழுத்தைக் காப்பதாகக் கருதி எண்களை மாற்றியமைத்தால், தமிழ்ப் பனுவல் சிதைந்துவிடும்.

கருவித் தேர்வு

1995இல் வெளிவந்து, 1996இல் மைக்ரோசாஃப்ட் வசமான ஃபிரண்ட்பேஜ், குறிமொழி அறியாதோரும் பக்கம் அமைக்க வழிசெய்தது; ஆயினும் அது பெரிதும் விண்டோஸ் சூழலைச் சார்ந்தது. 1997இல் வெளியான நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரின் பகுதியாகிய கம்போசர் மூன்று இயங்குதளங்களிலும் இயங்கியது. 2005இல் முழுமை பெற்ற என்வியூ, லினக்சுக்கு மாறியோர்க்கும் அத்தகைய வசதியை அளித்தது. எனினும், ஒரே கருவி எல்லா இயங்குதளங்களிலும் கிடைப்பது மட்டும் போதாது. பக்கத்தில் உள்ள எண்களை அக்கருவி மாற்றாது விடுகிறதா என்பதே அடிப்படை வினா. எளிய உரைத்தொகுப்பிகள் இவ்வகையில் பாதுகாப்பானவையாக இருந்தன.

எழுத்துருவைப் பக்கத்துடன் அனுப்பும் இயங்கு எழுத்துரு முறையும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. மைக்ரோசாஃப்ட் உலாவிக்கும் நெட்ஸ்கேப் உலாவிக்கும் தனித்தனி வடிவங்கள் இருந்தமையால், ஒன்றுக்கென அமைத்தது மற்றதில் பயன்படவில்லை.

மதுரைத் திட்டம்

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இங்குக் கருதத்தக்கது. தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து பங்களித்த இம்முயற்சி, எளிய மீயுரைப் பக்கங்களாகவும் பிடிஎஃப் கோப்புகளாகவும் நூல்களை வெளியிட்டது. திஸ்கியில் அமைந்த பனுவல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. திஸ்கியில் 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்னும் காட்சி வரிசையில் அமையும். ஒருங்குறியில் ககரத்தை அடுத்தே உயிர்க்குறி வரும். குறியேற்றத்தின் அமைப்பு வெளிப்படையாக ஆவணப்படுத்தப்பட்டிருந்தமையால் இவ்வரிசை மாற்றத்தை நிரல்வழிச் செய்ய முடிந்தது.

அரசு நிலையில்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் வழி டாம், டாப் ஆகிய 8 பிட் தரங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் உருவாயின. 1991இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்த நிலையில், இம்முடிவு பின்னோக்கியதாகத் தோன்றலாம். ஆயின் அன்று பரவலாக இருந்த விண்டோஸ் 98 ஒருங்குறித் தமிழை முறையாகக் காட்டவல்லதன்று. விண்டோஸ் 2000இல்தான் அதற்கான ஆதரவு அமைந்தது. எனவே இதனை அறியாமை என்பதினும் காலத்தின் வரம்பு எனக் கொள்வதே பொருந்தும். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தரங்களாக ஏற்றது.

முடிவுரை

தனிக் குறியேற்றத்தில் அமைந்த பழைய பக்கத்தை மீட்கவேண்டின், அது எந்த எழுத்துருவில் அமைந்தது என்பது முதலில் தெரிதல் வேண்டும். அப்பெயர் பெரும்பாலும் பக்கத்தின் மூலநிரலில், எழுத்துருவைச் சுட்டும் குறிச்சொல்லில் உள்ளது. வலைவடிவமைப்பாளர் பழமையானதெனத் தள்ளும் அக்குறிச்சொல், வரலாற்று ஆய்வாளர்க்கு முதன்மைச் சான்றாகும். பழைய தளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகையில் குறிநிரலைத் தூய்மையாக்கும் வசதி அதனை நீக்கிவிட்டால், பனுவலைப் படிக்கும் திறவுகோலும் நீங்கிவிடும்.

ஆகவே பல்கலைக்கழகத் துறைகளும் நூலகங்களும் தம் பழைய தளங்களை இடம்பெயர்க்குமுன், மூலக்கோப்புகளை மாற்றமின்றிப் படியெடுத்து, அவற்றுக்குரிய எழுத்துருக் கோப்புகளுடன் சேர்த்துப் பாதுகாத்தல் வேண்டும். ஓலைச்சுவடியைப் பதிப்பித்த பின்னரும் சுவடியைக் காப்பது போன்றதே இப்பணி.