இறம்பொடைக் கணவாயும் குதிரை நோயும்

நுவரெலியாவின் குடியேற்ற வரலாற்றில் குதிரைக்கும் ஓரிடம் உண்டு. 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் அங்கு ஆங்கிலப் பண்ணை அமைக்க முற்பட்டபோது, அவருடைய வண்டியும் குதிரைகளும் இறம்பொடைக் கணவாயில் பள்ளத்தில் உருண்டன. பின்னர்க் கொள்ளைநோய் புகுந்து, சில நாள்களில் 26 எருதுகள் மாண்டன. ஆஸ்திரேலியக் குதிரைகள் 5 இறந்தன. 1855இல் வெளிவந்த தமது நூலில் அவரே இவற்றைக் கூறியுள்ளார்.

பள்ளத்தில் வீழ்ந்த வண்டியைக் கண்ணாற் காணலாம். குடலுள் வளரும் கேட்டைக் காணவியலாது. குதிரையின் நாடாப்புழு இதற்குத் தக்க சான்றாகும். சில நாளில் மந்தையை மாய்க்கும் கொள்ளைநோயன்று இது; சிறுகுடல் பெருங்குடலொடு கூடுமிடத்தில் ஒட்டிக்கொண்டு, நாளடைவில் கடும் வயிற்றுவலியை விளைப்பது. இலத்தியோடு வெளிப்படும் முட்டைகளைப் புற்றரையில் வாழும் நுண்ணிய உண்ணிகள் உண்ணும். அவ்வுண்ணிகளைக் குதிரை புல்லொடு விழுங்கும். ஆதலின், ஒரே புற்றரையில் நெடுநாள் மேயும் குதிரைகளுக்கே இடர் மிகுதி.

முட்டைகள் ஒழுங்காக வெளிப்படாமையால் இலத்திச் சோதனை பலவேளை நோயைக் காட்டாது. குருதியிலும் உமிழ்நீரிலும் எதிர்ப்பொருளைக் கண்டறியும் முறைகள் பேக்கர் காலத்திற்கு நெடுநாட் பின்னரே தோன்றின.

1875இல் நுவரெலியாவில் பந்தயத் திடல் எழுந்தது. வென்ற குதிரையின் பெயரும் உடையவரின் பெயரும் ஏட்டில் ஏறும். இலத்தியை அகற்றி, மேய்ச்சலிடத்தை மாற்றி, உணவு குறைந்த நாளை முதலில் உணரும் குதிரைக்காரரின் பெயர் ஏறுவதில்லை. நோய்காப்பின் முதற்படி அவர் கையிலேயே உள்ளது.