முத்துக்குளித்துறையில் தமிழ் கற்கும் நூல்கள்

முத்துக்குளித்துறையில் தமிழ் கற்கும் நூல்கள் என்பவை, 16ஆம் நூற்றாண்டு முதல் தூத்துக்குடி, புன்னைக்காயல் முதலிய கடற்கரை ஊர்களில் தமிழ் பயின்ற ஐரோப்பியருக்கு உதவிய இலக்கணங்கள், சொற்றொகுதிகள், ஒலிபெயர்ப்பு நூல்கள் ஆகும். அந்நிய மொழியினர் தமிழ் கற்பதற்கென எழுந்த தொடக்க கால நூல்களுள் இவை அடங்கும்.

பின்னணி

1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், பரதவரிடையே பணியாற்ற மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருந்தார். அவர்களின் துணையுடன் தமிழாக்கிய மன்றாட்டில், "நம்புகிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்னும் சொல் இடம் பெற்றிருந்தது. சமய நம்பிக்கையின் அடிப்படைச் சொல்லே பிழைபட்டமை, மொழியை நேரடியாகக் கற்க வேண்டிய தேவையை உணர்த்தியது.

கார்த்தில்யா

1554இல் லிசுபனில் அச்சிடப்பட்ட இச்சிறுநூலில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் தரப்பட்டு, சொல்லுக்குச் சொல் போர்த்துக்கேயப் பொருள் காட்டப்பட்டுள்ளது. விசென்தே த நசரே, சோர்சே கார்வாலோ, தொமே த குரூசு என்னும் இந்தியர் மூவர் இதனை உருவாக்கினர்.

என்றீக்கசின் இலக்கணம்

போர்த்துகலில் 1520இல் பிறந்த என்றிக்கே என்றீக்கசு (அண்டிரிக் அடிகளார்) 1547 முதல் இக்கரையில் பணியாற்றினார். பேச்சுத் தமிழைக் கற்றுத் தேர்ந்த அவர், "மலபார் மொழிக் கலை" எனப் பொருள்படும் தலைப்பில் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். போர்த்துக்கேயர் அக்காலத்தில் தமிழை மலபார் மொழி என்றே அழைத்தனர். இந்நூல் வேற்றுமை, வினைத்திரிபு முதலியவற்றை விளக்குவதோடு, அக்காலக் கடற்கரைப் பேச்சு வழக்குக்கும் சான்றாக உள்ளது. அவர் தொகுத்த சொற்றொகுதி கிடைக்கவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும் இவர் ஆக்கியதே. 1600இல் இறந்த இவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

ஒலிப்புச் சிக்கல்

ல, ள, ழ ஆகிய மூன்றையும், ந, ன, ண ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் காட்ட ரோமன் எழுத்துகள் போதவில்லை. தமிழ் எழுத்திலும் இடர்ப்பாடு இருந்தது. ஓலைச்சுவடிகளில் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை. எ–ஏ, ஒ–ஓ வேறுபாடும் காட்டப்படுவதில்லை. சொல்லை முன்பே அறிந்தவரே அதனைப் பிழையின்றிப் படிக்க முடிந்தது. பிற்காலத்தில் வீரமாமுனிவர் எகர, ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் காட்ட வழிவகுத்தார்.

புரோயென்சாவின் அகராதி

மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த அந்தாவோ த புரோயென்சா (1625–1666) தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்த பின்னர் 1679இல் கேரளத்திலுள்ள அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. இது சுமார் 16,000 சொற்களைக் கொண்டது.

மறைவும் மீட்பும்

இந்நூல்கள் நெடுங்காலம் அறியப்படாதிருந்தன. தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள், ஐரோப்பிய நூலகங்களில் தேடி இவற்றை மீண்டும் அறிமுகப்படுத்தினார். வத்திக்கான் நூலகத்திலிருந்த புரோயென்சாவின் அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். லிசுபனில் கையெழுத்துப் படியாக இருந்த என்றீக்கசின் இலக்கணத்தை 1982இல் வெர்மீர் பதிப்பித்தார். சீன் ஐன், வ. சு. இராசம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது.

தற்காலம்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) ஒவ்வொரு சொல்லுக்கும் குறியிட்ட ரோமன் எழுத்துப்பெயர்ப்பைத் தருகிறது. சிக்காகோ பல்கலைக்கழக இணையத்தளத்தில் இதனுடன் பப்ரிசியசு, வின்சுலோ ஆகியோரின் அகராதிகளும் உள்ளன. எனினும் எழுத்துப்பெயர்ப்பு எழுத்தையே காட்டும், ஒலியைக் காட்டாது. "பாம்பு" என்னும் சொல்லில் முதற் பகரமும் இடைப் பகரமும் வெவ்வேறாக ஒலிப்பதை அதிலிருந்து அறிய இயலாது. ஆகவே இன்றும் கற்போர் அகராதியுடன், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரின் பேச்சையும் கேட்டுப் பயில்வது இன்றியமையாதது.